மூன்று அங்குலம் தாழும் கூரை

காரின் கூரையை அறுப்பது பெரிய வேலை இல்லை. கட்டிங் வீல் இருந்தால் அரைமணி நேரத்தில் கூரை தனியாகக் கழன்று கைக்கு வந்துவிடும். அதை மறுபடி இறக்கி வைக்கும்போது மேல்பாதி கீழ்பாதியோடு பொருந்தாது. வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹாட் ராட் என்பது அமெரிக்கப் பையன்களின் வீட்டு ஷெட்டில் பிறந்த கார். பழைய ஃபோர்டு ஒன்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, கலிஃபோர்னியாவின் மூரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1932-இல் வந்த ஃபோர்டு மாடல்மீது அவர்களுக்குத் தனிப் பிரியம். சாதாரண ஆளும் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினோடு வந்த கார் அது, 65 குதிரைத்திறன். ஆனால் பெட்டிபோல நிமிர்ந்த அதன் கூரை காற்றை நெஞ்சால் முட்டியது. அதனால் தூண்களில் சில அங்குலம் வெட்டி எடுத்துக் கூரையை இறக்கினார்கள். பிற்பாடு வேகக் கணக்கு மறந்துபோய், இறங்கிய கூரையின் முரட்டு அழகே போதுமான காரணமாகிவிட்டது.

அசல் 1932 ஃபோர்டின் கூரை முழுத் தகடு அல்ல. நடுவில் பெரிய திறப்பு. அதை மரச்சட்டம், கம்பிவலை, பஞ்சு, மேலே நீர் புகாத துணி என்று மூடியிருப்பார்கள். அத்தனை அகலத் தகட்டை ஒரே அழுத்தில் வளைத்தெடுப்பது அன்று தொழிற்சாலைகளுக்கே சிரமம். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களில்தான் ஒரே தகட்டுக் கூரையைக் கொண்டுவந்தது, ஃபோர்டு 1937-இல். அசல் இரும்பு பாடிகள் அரிதாகி விலை ஏற ஏற, அதே வடிவில் ஃபைபர் கிளாஸ் பாடிகள் வந்தன. 1953-இலேயே ஷெவ்ரலே நிறுவனம் கோர்வெட் காரை முழு ஃபைபர் பாடியோடு வெளியிட்டது. முதல் வருடம் 300 கார்கள். கண்ணாடி இழை மேட், பாலியெஸ்டர் ரெசின், கொஞ்சம் ஹார்டனர்: நம் கடற்கரை ஃபைபர் படகுகளும் இதே சரக்குதான்.

கூரை ஏன் பொருந்துவதில்லை? தூண்கள் நேர்க்குத்தாக நிற்பதில்லை. முன்தூண் மேலே போகப்போகப் பின்பக்கம் சாய்கிறது, பின்பகுதி முன்பக்கம் சாய்கிறது, இரண்டு பக்கங்களும் உள்நோக்கிச் சரிகின்றன. 15 டிகிரி சாய்ந்த தூணில் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம், வெட்டினால் மேல்முனை கீழ்முனையைவிட 20 மில்லிமீட்டர் தள்ளி உட்காரும். முன்னும் பின்னும் இப்படித் தள்ளினால் கூரை நீளத்தில் நாலு சென்டிமீட்டர் குறைகிறது, அகலத்திலும் இடிக்கிறது. சிலர் முன்தூணைப் பின்னுக்குச் சாய்த்து ஒப்பேற்றுவார்கள். முறையாகச் செய்கிறவர்கள் கூரையையே சிலுவைபோல அறுத்து நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் தூண்மேல் உட்காரவைத்து, நடுவில் விழும் இடைவெளியை நிரப்புவார்கள்.

இரும்பில் இதைச் செய்தால் வெல்டிங் சூட்டில் கூரைத்தகடு அலையலையாக நெளியும். தட்டி நிமிர்த்த தேர்ந்த டிங்கர் வேண்டும். ஃபைபரில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இது சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வெல்டிங்கில் இரண்டு இரும்பும் உருகி ஒன்றாகின்றன. ஏற்கெனவே இறுகிப்போன ரெசின் புது ரெசினோடு அப்படிக் கலக்காது. புதியது பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிடிமானத்துக்குப் பரப்பு வேண்டும். விளிம்புகளை முட்டவைத்து ஒட்டினால் முதல் குண்டுகுழியிலேயே கோடு விழும். விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளச் சரிவு என்பது வழக்கமான கணக்கு: 5 மில்லிமீட்டர் ஓட்டுக்கு 60 மில்லிமீட்டர். முதலில் மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிட்டுப் பிறகு தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் உப்புத்தாளே மெழுகைக் கீறல்களுக்குள் திணித்துவிடும். எபாக்ஸி ரெசின் பழைய பாலியெஸ்டரை இன்னும் நன்றாகப் பிடிக்கும், விலைதான் கூடுதல்.

அறுப்பதற்கு முன் கதவுச் சட்டங்களுக்கு நடுவே இரும்புக் குழாய்களை முட்டுக் கொடுப்பது கட்டாயம். கூரை போனதும் ஃபைபர் பாடி தளர்ந்து விரியும். அப்புறம் கதவு சாத்தாது. ஹார்டனர் ரெசினில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் போதும். அவசரத்தில் கூட ஊற்றினால் கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும். ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தேய்க்கும்போது பறக்கும் தூசியில் உடம்பெல்லாம் அரிப்பு. கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

நடுவில் அகலமாகிவிட்ட கூரை, கார் ஓடும்போது மத்தளமாக அதிரும். இதற்கு மேட் மேல் மேட்டாக ஏற்றினால் எடைதான் ஏறும். தகட்டின் விறைப்பு கனத்தின் மும்மடிப்படி உயர்கிறது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் உட்பக்கம் லேசான ஃபோம் பட்டைகளை வைத்து அவற்றின்மேல் மேட் போர்த்துவார்கள். கனம் கூடும், எடை அதிகம் கூடாது. ஆனால் கார் கவிழ்ந்தால் இந்த விறைப்பு தலையைக் காக்காது. தூண்களுக்குள் இரும்புக் குழாய் ஓடி, கீழே சேஸிஸோடு பிணைந்திருக்க வேண்டும்.

பெயின்டுக்கு அவசரப்படக் கூடாது. ரெசின் வாரக்கணக்கில் மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். முந்திப் பூசினால், அதுவும் கறுப்பு பூசி வெயிலில் நிறுத்தினால், பளபளப்பின் அடியிலிருந்து இழைகளின் அச்சும் ஒட்டின கோடும் மேலே தெரியும்.

ஜன்னல் கண்ணாடிகளையும் குட்டையாக்க வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம். டெம்பர்டு கண்ணாடியில் கீறல் ஆழமாக விழுந்தாலே பொடிப்பொடியாக நொறுங்கும். எல்லாம் முடிந்து காரைத் தெருவில் எடுத்தால் ஓட்டுகிறவருக்குச் சாலை தெரியும், தலைக்குமேல் தொங்கும் சிக்னல் விளக்கு தெரியாது. அதற்கும் அமெரிக்காவில் ஒரு சாமான் விற்றது: டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் சின்ன முப்பட்டகம். பச்சை விழுந்ததா என்று குனிந்து எட்டிப் பார்க்காமல் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.