ஒட்டும் நிறமும் ஊறும் நிறமும்

திருகோணமலைக் கடையொன்றிற் சென்று ‘நகப்பூச்சு’ வேண்டுமென்று கேட்டால் கடைக்காரர் சற்றே விழிப்பார். ‘கியூடெக்ஸ்’ என்றால் உடனே எடுத்து நீட்டுவார். எந்த நாட்டில் எவர் செய்ததாயினும் நமக்கு அது கியூடெக்ஸ்தான். 1911ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த நோதம் வாரன் என்பவர், நக ஓரத்துத் தோலை நீக்குவதற்கென ஒரு திரவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவர் இட்ட வணிகப் பெயர் அது. சில ஆண்டுகளின் பின்னர் அதே பெயரில் நகத்துக்கு மெருகிடும் திரவமும் வந்தது. நாளடைவில் பெயர் தன் முதலாளியை விட்டுப் பிரிந்து, இலங்கையில் சிங்களவர் வாயிலும் தமிழர் வாயிலும் பொதுச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.

நம் தாய்மார் காலத்தில் கியூடெக்ஸ் என்றால் சிவப்பு; மிஞ்சினால் இளஞ்சிவப்பு. இன்றோ நீலம், பாசிப்பச்சை, கறுப்பு, வெள்ளி, தோடம்பழ நிறம் என்று குப்பிகள் வரிசையாய் நிற்கின்றன. சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப நிறம் மாறுவதும் உண்டு. இவை அழகோ அலங்கோலமோ என்ற வழக்கை அவரவர் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளட்டும். தேங்காய் துருவி, மீன் கழுவி, உடுப்புத் துவைக்கும் கையில், அதுவும் இந்த உப்புக் காற்றில், எந்த நிறம் எத்தனை நாள் நிற்கும்? போகும்போது நகத்தை எந்நிலையில் விட்டுச் செல்லும்? பணம் கொடுத்து வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.

முதலில் இப்பொருளின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். உலர்ந்தபின் நகத்தின்மேல் ஏடுபோற் படிவது பெரும்பாலும் நைத்திரோசெலுலோசு என்னும் பொருள். பருத்தியையோ மரக்கூழையோ நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த கரைசலில் இட்டுப் பெறுவது அது. 1846இல் இதனை உலகுக்கு அறிவித்தவர் ஷோன்பைன் என்னும் இரசாயன அறிஞர். நைத்திரேற்றம் மிகுந்தால் அது வெடிபஞ்சு. அதைக்கொண்டு செய்த கோடைற்று என்னும் வெடிமருந்தாலேதான் பிரித்தானியக் கடற்படையின் பீரங்கிகள் முழங்கின. 1957 வரை அக்கடற்படை நம் துறைமுகத்தில் இருந்தது. அதன் வெடிமருந்துக் கிடங்குகளை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். நைத்திரேற்றம் குறைந்தாலோ அதே பஞ்சு சாதுவாகிவிடுகிறது. 1920களில் அது மோட்டார் வண்டிகளுக்கு மெருகாயிற்று. அப்படியே நகத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் பிறவிக் குணம் முற்றாகப் போகவில்லை. பூச்சும் அதிலுள்ள கரைப்பானும் எளிதில் தீப்பற்றுவன. குத்துவிளக்குக்கோ அடுப்புக்கோ அருகே குப்பியைத் திறத்தல் கூடாது.

துறைமுகத்தில் கப்பலுக்கு வர்ணம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு நகப்பூச்சின் இரகசியம் பாதி தெரிந்ததுதான். துருவைச் சுரண்டுவர்; அடிப்பூச்சு இடுவர்; அதன்பின்னரே நிறம். நகத்துக்கும் அதே முறை. நிறத்தின்மேல் ஒரு காப்புப் பூச்சு என்பதுதான் கூடுதல். விசித்திர நிறங்களும் கப்பலுக்குப் புதியனவல்ல. 1940இல் மவுண்ட்பேற்றன் பிரபு தம் போர்க்கப்பல்களுக்குச் சாம்பல் நிறத்தோடு சிறிது செம்மை கலந்த இளஞ்சிவப்பைப் பூசச் செய்தார். பகைவர் கண்ணுக்குத் தப்புவதே அவர் நோக்கம். நம் பெண்களின் நோக்கம் அதற்கு நேர்மாறு!

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மகளும் பெறாமகளும் விரலுக்கொரு நிறமாகப் பூசிக்கொண்டு வழமையான வீட்டுவேலைகளைச் செய்துவந்தோம். கச்சான் காற்று வீசும் காலம். மூன்றாம் நாளே கறுப்பும் கடுநீலமும் நுனியில் உதிர்ந்தன. பிற நிறங்களும் ஏறக்குறைய அப்பொழுதே உதிர்ந்திருந்தன. ஆனால் வெளிறிய நிறத்தில் அது கண்ணிற் படவில்லை, கறுப்பிலோ எலி கடித்தது போல் தெரிந்தது. உதிர்வதற்குக் காரணம் நிறம் அன்று, நீர். நகம் நீரை உறிஞ்சிச் சற்றே விரியும்; உலரும்போது சுருங்கும். மேலுள்ள ஏடு அவ்வளவுக்கு விரிந்து சுருங்காமையால் பிடி தளர்ந்து கழன்றுவிடும். ஆகவே குளித்தவுடன், அல்லது துவைத்த கையோடு பூசுவது வீண். நகம் நன்றாக உலர்ந்து, எண்ணெய்ப் பசை நீங்கியிருக்க வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை இடுவதே நன்று. நகத்தின் நுனி விளிம்பையும் தூரிகையால் ஒருமுறை வருடிவிட்டால் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாக நிற்கிறது.

தூய வெள்ளை பூசிய விரல்தான் எங்களை நகைக்க வைத்தது. மேல்நாட்டு மாதர் அதைப் பூசிப் பல நாள் வைத்திருக்கலாம். அவர்கள் கையால் குழைத்துச் சோறு உண்பதில்லை. ஒரு நண்டுக்கறி, ஒரு பருப்பு, அவ்வளவுதான்: வெள்ளை நகம் மஞ்சட்காமாலை கண்டதுபோல் ஆயிற்று. மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கும் இயல்புடையது; துவைகல்லடியில் நின்றதில் சிறிது வெளுத்தது; பிறகு அடுத்த கறி. தோடம்பழ நிறமோ வெயிலையே தாங்கவில்லை. கண்ணைப் பறிக்கும் அத்தகைய ஒளிர்நிறங்கள் பகலொளி படப்பட மங்குகின்றன.

சூட்டுக்கு நிறம் மாறும் பூச்சை இவ்வூரில் வாங்குவது வீண் செலவென்றே சொல்வேன். குளிர்ந்தால் ஊதா, சூடேறினால் வெளிர்சிவப்பு என்று குப்பியில் எழுதியிருந்தது. குளிர்நாட்டில் நக நுனி குளிர்ந்தும் அடி சூடாயும் இருப்பதால் இரு நிறமும் ஒருங்கே தோன்றுமாம். நமக்கோ காலை முதல் இரவு வரை வெளிர்சிவப்புத்தான். ஊதாவைக் காண்பதற்குப் பனிக்கட்டித் தண்ணீரில் விரலைத் தோய்க்க வேண்டியிருந்தது.

நீடித்து நின்றது மினுக்குத் தூள் கலந்த பூச்சே. பதினொரு நாள் வரை அசையவில்லை. தூள்கள் ஒன்றன்மேலொன்று படிந்து கெட்டியான கவசம்போலாகிவிடுகின்றன. அதற்கு அடுத்தது முத்து நிறம். அந்த முத்தொளிக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டிற் பரிஸ் நகரத்து மணிவினைஞர்கள் சிறு மீன்களின் செதிலிலிருந்து மினுமினுப்பான பொருளைப் பிரித்தெடுத்துப் போலிமுத்துச் செய்தனர். பின்னாளில் அதே செதிலொளி நகப்பூச்சிலும் ஏறியது. இப்பொழுது பெரும்பாலும் அப்பிரகத் தகட்டில் தைத்தேனியம் ஈரொட்சைட்டைப் படியவைத்து அவ்வொளியைப் பெறுகின்றனர். மீன் சந்தையில் நாம் சுரண்டி எறியும் செதிலை ஒருமுறை வெயிலிற் பிடித்துப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

இத்தனையும் நகத்தின்மேல் ஒட்டி நிற்கும் நிறங்கள். நம் வேலியோரத்து மருதோன்றியின் சங்கதி வேறு. அதன் இலையை அரைத்து வைத்தால் லோசோன் என்னும் பொருள் நகத்தின் புரதத்தோடு பிணைந்து உள்ளேயே ஊறிவிடுகிறது. அதற்கு ஏடு இல்லை. ஆகவே உரிதலும் இல்லை. மஞ்சளும் சவர்க்காரமும் அதனை அசைப்பதில்லை. நகம் வளர வளரச் சிவப்பு நுனியை நோக்கி நகர்ந்து, ஈற்றில் வெட்டுண்டுதான் போகும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளருமாகையால், முழுதும் மாறுவதற்கு ஆறு மாதமளவில் ஆகும். மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் இதனை விரும்புவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. தொழுகைக்கு முன் கை கழுவும்போது நீர் நகத்திற் பட வேண்டும். கியூடெக்ஸ் அதை மறிக்கும், மருதோன்றி மறிக்காது. ஆனால் மருதோன்றி தருவது ஒரே நிறம். நீலமும் பச்சையும் அதனிடம் கேட்க இயலாது. ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்பதை நம்பாதீர்கள். தலைமயிர்ச் சாயத்திற் சேர்க்கும் பாரா-பெனிலீன்டைஅமீன் என்னும் பொருளைக் கலந்தே பெரும்பாலும் அக்கறுப்பை வரவழைக்கின்றனர். அதனாற் சிலருக்குத் தோல் கொப்புளித்து ஆறாத வடுவும் உண்டாகிறது.

விளக்கொளியில் இறுக்கும் ‘ஜெல்’ பூச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்பது மெய்தான். ஆயின் அதிற் சேர்த்துவந்த டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து அழகுசாதனங்களிற் தடைசெய்துள்ளது. வாங்குமுன் குப்பியில் எழுதியுள்ளதை வாசியுங்கள். எழுத்தே இல்லாத குப்பியை வாங்காதீர்கள்.

மாணவியர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நகம் உடலின் சாளரம். இரத்தம் குறைந்தால் வெளிறும், மூச்சு முட்டினால் நீலிக்கும். மருத்துவர் அதைப் பார்ப்பார். அன்றியும் விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் சிறு கருவி, நகத்தினூடே ஒளியைச் செலுத்தியே கணக்கிடுகிறது. நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை அவ்வொளியை விழுங்கி அளவைப் பிழையாகக் காட்டக்கூடும். சத்திர சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ செல்பவர் கைநகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு செல்லல் வேண்டும்.

அகற்றும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். கத்தியாற் சுரண்டினால் பூச்சோடு நகத்தின் மேற்படையும் பெயர்ந்துவிடும். பஞ்சை அசற்றோனில் நனைத்து நகத்தின்மேல் சிறிது நேரம் அழுத்தி வைத்து, பின்னர் ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். மினுக்குத் தூளுக்கு இது போதாது; நனைத்த பஞ்சின்மேல் உணவு சுற்றும் அலுமினியத் தாளைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் இளகும். கடுஞ்சிவப்பும் பாசிப்பச்சையும் போனபின் நகத்தில் மஞ்சட் கறை தங்கினால் அஞ்சவேண்டியதில்லை. அது நகத்தோடு வளர்ந்து போய்விடும். அடிப்பூச்சு இட்டிருந்தால் அக்கறை குறைவு. அசற்றோன் நகத்தையும் தோலையும் உலர்த்துமாதலால், கை கழுவியபின் இரண்டு துளி தேங்காயெண்ணெயை நகக்கண்ணில் தேய்த்துவிட்டு, அடுத்த நிறத்தைப் பூசுமுன் ஒரு வாரமேனும் நகத்தைச் சும்மா விடுங்கள்.