குறைமாதக் குழந்தையின் குடலும் நன்மை செய்யும் கிருமிகளும்

நமக்கு நெருங்கிய தமிழ்க் குடும்பமொன்றில், இம்மும்பை நகரிலே, ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் மகவு பிறந்தது. நிறை 1,200 கிராம். செய்தி கேட்டுத் திருநெல்வேலியிலிருந்து விரைந்து வந்த பாட்டியார், கைப்பையில் சில பொடிப் பொட்டலங்களையும் கொணர்ந்திருந்தார். "வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமியாம், தம்பி, மருந்துக் கடையிலே கொடுத்தார்கள். தாய்க்குப் பால் ஊறும் வரையில் இதையாவது சீனித்தண்ணீரில் கரைத்துப் புகட்டினால் என்ன?" என்று நம்மைக் கேட்டார். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் கேட்டவர் பாட்டியார். விடை தேடாமல் இருக்க இயலவில்லை.

குறைமாதக் குழந்தைகளை, அதிலும் 1,500 கிராமுக்குக் குறைந்தனவற்றைப் பற்றும் கொடிய நோய்களுள் குடல் அழுகல் நோய் ஒன்று. பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் கடந்து, பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையிலேயே பெரும்பாலும் அது வருகிறது. வயிறு உப்பும், வாந்தி பச்சை நிறமாக வரும், மலத்தில் குருதி காணும். குடற்சுவரின் ஒரு பகுதி மடிந்து துளை விழுந்துவிட்டால் அறுவை மருத்துவமே வழி. இந்நோயுற்ற மிகச் சிறு குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பிழைப்பதில்லை.

இதற்கும் கிருமிகளுக்கும் என்ன தொடர்பு? நிறைமாதக் குழந்தையின் குடலில், தாயின் உடலிலிருந்தும் பாலிலிருந்தும் நல்ல கிருமிகள் வந்து குடியேறுகின்றன. நல்ல உறைமோர் விழுந்த பாலில் வேறு புளிப்பு எளிதில் புகாததைப் போன்றது இது. தாய்ப்பால் உண்ணும் மகவின் மலத்தில் வாழும் பிபிடோ என்னும் கிருமியைப் பாரிசு நகரத்துத் திசியே என்பார் 1899ஆம் ஆண்டிலேயே கண்டு கூறினார். குறைமாதப் பிள்ளையோ கண்ணாடிப் பெட்டிக்குள், கிருமிக்கொல்லி மருந்துகளுக்கிடையே, தாயின் மடிக்கு அப்பால் கிடக்கிறது. அதன் முதிராத குடலில் முதலில் இடம் பிடிப்பவை மருத்துவமனைக் கிருமிகளே. ஆகவே நல்லனவற்றை நாமே கொடுத்தால் என்ன என்று அறிஞர் எண்ணினர்.

எண்ணியதோடு நில்லாது சோதித்தும் பார்த்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மூவகைக் கிருமிகளின் கலவையைப் பெற்றோருள் நூற்றுக்கு 2 பேருக்கும், பெறாதோருள் நூற்றுக்கு 4.4 பேருக்கும் இந்நோய் கண்டது. ஆனால் இங்கிலாந்தில் வேறொரு தனிக் கிருமியை 1,315 குழந்தைகளிடம் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. கிருமி என்ற பெயர் ஒன்றாயினும் இனத்துக்கு இனம் குணம் வேறு. நம் ஒடிசா மாநிலச் சிற்றூர்களில் நடந்து 2017இல் புகழ்பெற்ற ஆய்வையும் சிலர் இங்கே எடுத்துக்காட்டுவர்; அது 2 கிலோவும் அதற்கு மேலும் நிறையுள்ள குழந்தைகளைப் பற்றியது. 1,200 கிராம் பிள்ளைக்கு அதை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

தீங்கும் நேர்ந்ததுண்டு. அமெரிக்காவில் 2014இல் பூஞ்சை கலந்திருந்த பொடியால் ஒரு குறைமாதக் குழந்தை மாண்டது. 2023இல், ஒரு கிலோவுக்கும் குறைந்த மற்றொரு குழந்தையின் குருதியில், கொடுத்த அந்தக் கிருமியே பரவி உயிரைக் கொண்டது. அந்நாட்டு உணவு, மருந்து ஆணையம் மருத்துவர்களை எச்சரித்தது. சீட்டில் ஒன்று எழுதி மூட்டைக்குள் வேறொன்று இருப்பதை ரயில்வே பார்சல் அலுவலகத்தில் நாம் கண்டிருக்கிறோம்; இப்பொடிகளிலும் அது நேர்வதுண்டு. எனவே எந்த இனம், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு. மருந்துக் கடைப் பொட்டலத்தை வீட்டார் தாமே புகட்டுவது கூடவே கூடாது. சீனித்தண்ணீரும் தேனும் அப்படியே.

நாம் இவற்றைச் சொன்னபோது பாட்டியார் முகம் வாடினார். "பின்னே, வெறும் வயிற்றோடா கிடக்கும்?" என்றார். கிடக்க வேண்டியதில்லை. இந்நோய்க்கு எதிராக நன்கு உறுதிப்பட்ட காப்பு தாய்ப்பாலே. நல்ல கிருமிகளை வளர்க்கும் சர்க்கரைப் பொருள்களும் அதிலேயே உள்ளன. சீம்பாலைக் கறந்து கொட்டும் வழக்கம் நம்மவரிடை இன்னும் சில வீடுகளில் உண்டு. துளித்துளியாகப் பீய்ச்சி எடுத்தாலும் குழாய் வழியே அதைக் கொடுக்கிறார்கள். தாய்க்குப் பால் போதாதபோது, பிற தாய்மார் அளித்துச் சூடேற்றித் தூய்மை செய்த பால், புட்டிப்பாலைக் காட்டிலும் இந்நோயைக் குறைக்கிறது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில், சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதலாவது.

அப்பெண்ணுக்கு நான்காம் நாள் பால் ஊறிற்று. பாட்டியார் நாள்தோறும் காலையில் பூண்டும் பாலும் காய்ச்சிக் கொண்டு மருத்துவமனை வாயிலில் நின்றார். பொட்டலங்கள் பிரிக்கப்படவில்லை.