விறைப்பைத் தளர்த்தும் மாத்திரை: தொடங்கும் முன்னும் நிறுத்தும் முன்னும்

பக்கவாதம் வந்து சில வாரங்கள் துவண்டு கிடந்த கை, பிறகு மெல்ல மெல்ல இறுகத் தொடங்கும். முழங்கை மடங்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ளும். கால் விறைத்து நீண்டு, நடக்கும்போது முன்பாதம் தரையில் தேயும். கைக்கு உயிர் வருகிறது என்று மகிழும் வீடுகளும் உண்டு, முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று கலங்கும் வீடுகளும் உண்டு. இந்தக் கட்டத்தில்தான் மருந்துச் சீட்டில் புதிதாக ஒரு மாத்திரை சேர்கிறது. பெரும்பாலும் அது பேக்லோஃபென்.

இந்த விறைப்பு ஏன் வருகிறது? தசையை யாராவது இழுத்தால் அது தானாகவே எதிர்த்து இறுகும். முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளுகிறதே, அதே அனிச்சைச் செயல்தான். இது தண்டுவடத்தில் நடக்கிறது. அளவுக்கு மீறாமல் இதை அடக்கி வைத்திருப்பது மூளை. மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டால் மூக்கணாங்கயிறு அறுந்த காளையைப் போல அந்த அனிச்சை தன் போக்கில் ஓடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஸ்பாஸ்டிசிட்டி (நரம்புப் பாதிப்பால் வரும் தசை விறைப்பு) என்கிறார்கள். பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், பிறவியிலேயே வரும் பெருமூளை வாதம் என்று எதிலும் இது வரலாம்.

வீட்டிலேயே இதற்கு ஓர் அடையாளம் தெரியும். மடங்கிய கையை மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும். வெடுக்கென்று நீட்டினால் நடுவழியில் பிடித்துக்கொண்டு எதிர்க்கும். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது என்றால் அது நரம்பால் வரும் விறைப்பு. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் கட்டை போல நின்றுவிட்டால், தசையும் தசைநாரும் நிரந்தரமாகவே சுருங்கியிருக்கக்கூடும். அந்தச் சுருக்கத்தை எந்த மாத்திரையும் நீட்டாது. அதற்குப் பயிற்சி, பட்டை கட்டுதல், சில சமயம் அறுவை சிகிச்சை என்று வேறு வழிகள்தான்.

‘கழுத்துப் பிடிப்புக்கு மருந்துக்கடையில் கொடுத்தார்களே, அதுவும் தசை தளர்த்திதானே, அதையே போடலாமா?’ கூடாது. பிடிப்புக்கும் சுளுக்குக்கும் வலி மாத்திரையோடு சேர்த்துத் தரும் குளோர்சாக்சசோன், தயோகால்சிகோசைடு போன்றவை சில நாட்களுக்கான மருந்துகள். நரம்பால் வரும் விறைப்புக்கு அவை உரியவை அல்ல. கடைக்காரர் ‘அதே வகைதான்’ என்று மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

பேக்லோஃபென் எப்படி வேலை செய்கிறது? நரம்பின் பரபரப்பை அடக்க நம் உடல் காபா என்றொரு பொருளைத் தானே சுரக்கிறது. பேக்லோஃபென் அதன் சாயலில் செய்யப்பட்டது. தண்டுவடத்தில் போய் அனிச்சையின் வேகத்தைக் குறைக்கிறது. 1962இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் இதை உருவாக்கியபோது குறி வைத்தது வலிப்பு நோய்க்கு. அங்கே அது சோபிக்கவில்லை. ஆனால் சிலருக்கு விறைத்த கைகால்கள் தளர்வது தெரிந்தது, மருந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஏற்கெனவே வலிப்பு உள்ள சிலருக்கு இதே மருந்து வலிப்பைக் கூட்டலாம். ஒரு தடவை வலிப்பு வந்திருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி எல்லோரும் கேட்க நினைக்கும் கேள்வி. இந்த மாத்திரை போட்டால் கை மறுபடி வேலை செய்யுமா?

செய்யாது. பலர் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான். விறைப்பு வேறு, பலவீனம் வேறு. மருந்து விறைப்பைக் குறைக்கும், போன பலத்தைத் திருப்பித் தராது. இன்னும் சொல்லப்போனால், சிலர் விறைத்த காலை ஊன்றித்தான் நிற்கிறார்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார்கள். அந்த விறைப்பை முழுவதும் எடுத்துவிட்டால் கால் மடங்கி விழுந்துவிடுவார்கள். நேற்றுவரை கழிவறைக்குத் தானே நடந்து போனவர், மாத்திரை கூட்டியதும் நிற்கவே முடியவில்லை என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. அளவு அதிகமாகிவிட்டது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்படியானால் எதற்குத்தான் இந்த மாத்திரை? உங்கள் வீட்டில் எது தடையாக இருக்கிறதோ அதற்கு. பொத்திய விரல்களை விரித்து உள்ளங்கையைக் கழுவ முடியவில்லை, நாற்றம் எடுக்கிறது. சட்டைக் கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. இரவில் கால் வெட்டி வெட்டி இழுத்துத் தூக்கம் கெடுகிறது. தொடைகள் ஒட்டிக்கொள்வதால் உடம்பு துடைத்துவிட முடியவில்லை. இவற்றில் உங்களுடையது எது என்று இரண்டு மூன்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ‘விறைப்பாக இருக்கிறது’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட, ‘அம்மாவுக்கு ஜாக்கெட் போட்டுவிட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது’ என்பது அவருக்கு எவ்வளவோ உதவும். சில வாரம் கழித்து அதே தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எதுவும் மாறவில்லை, தூக்கக் கலக்கம் மட்டும் கூடியிருக்கிறது என்றால், அந்த மாத்திரை உங்களுக்குத் தேவைதானா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எதையும் எதிர்பார்க்காமல் வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

மாத்திரைக்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென விறைப்பு கூடினால், அதைத் தூண்டிவிட்டது ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளரும் கால்நகம், இறுக்கிய உடை, காலணி எதுவும் காரணமாகலாம். தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வலி தெரியாமல் போகலாம். அப்போது விறைப்பு ஒன்றுதான் அவருடைய உடல் தரும் தகவல். அந்தக் காரணத்தைச் சரிசெய்தாலே பல நேரம் விறைப்பு பழைய நிலைக்கு வந்துவிடும். மாத்திரையைக் கூட்டினால் தகவல் அமுங்கிப்போகும், புண் மட்டும் வளரும்.

சரி, மாத்திரை தொடங்கியாயிற்று. எவ்வளவு, எப்போது? பெரியவர்களுக்கு வழக்கமாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என்று தொடங்குவார்கள். சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் 80 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை, பலருக்கு அதில் பாதியே போதும். வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொன்னபடிதான். வயிறு குமட்டினால் சாப்பாட்டோடு எடுங்கள். போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் மருந்தின் வேகம் உச்சத்தில் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தை அதற்கு ஏற்ப வைத்துக்கொண்டால் கைகால்களை நீட்டி மடக்குவது சுலபம். அந்தப் பயிற்சி இல்லாமல் மாத்திரை மட்டும் போட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

என்னென்ன தொல்லை வரலாம்? முதல் வாரங்களில் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், அசதி, குமட்டல் ஆகியவை சகஜம். சிலருக்கு உடல் பழகியதும் குறையும். அதுவரை இருசக்கர வாகனம் வேண்டாம். வயதானவர் இரவில் எழுந்தால் யாராவது கூடப் போங்கள், இடுப்பெலும்பு முறிந்தால் விறைப்பைவிடப் பெரிய கஷ்டம். மது, தூக்க மாத்திரை, சளி மருந்து எல்லாம் சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும். மலச்சிக்கலும் வரும். மலச்சிக்கல் மறுபடி விறைப்பைக் கூட்டும் என்பதால் தண்ணீர், கீரை, பழம் இவற்றில் அலட்சியம் வேண்டாம்.

சிறுநீரகம் பழுதானவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். பேக்லோஃபெனின் பெரும்பகுதி சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சர்க்கரை நோயும் பக்கவாதமும் ஒன்றாக இருப்பவர்கள் நம் ஊரில் நிறைய, அவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பழுதாகியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் (இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) எடுத்துக்கொள்பவர்களுக்கு, சிறிய அளவுகூட உடலில் தேங்கிப் புத்தி தடுமாறவும், உளறவும், நினைவிழக்கவும் வைக்கலாம். இரண்டாவது பக்கவாதம் வந்துவிட்டதோ என்று வீட்டார் பயப்படுவார்கள். எதுவானாலும் உடனே மருத்துவமனைதான். போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தொடங்கும் முன்பே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

‘பிடிக்கவில்லை, நாளையிலிருந்து நிறுத்திவிடுகிறேன்.’ இதை மட்டும் செய்யாதீர்கள். பல நாட்களாக எடுத்த பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாட்களிலேயே விறைப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். இல்லாத உருவங்கள் தெரிவது, மனக்குழப்பம், கடும் காய்ச்சல், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எல்லோரும் வேண்டுமென்றே இப்படி நிறுத்துவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் அட்டை தீர்ந்துபோகும், அங்கே கடையில் இருக்காது. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள், புதிய மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்ட மறந்திருப்பீர்கள். வாந்தி பேதியில் மாத்திரை தங்காமல் போயிருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் ‘வாய்வழியாக எதுவும் கூடாது’ என்று சொல்லியிருப்பார்கள். ஆகவே ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடாதீர்கள்.

பேக்லோஃபென் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டிசானிடின் தருவார்கள். இது சில மணி நேரமே வேலை செய்யும். ரத்த அழுத்தத்தை இறக்குவதால் படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். வாய் உலரும். அவ்வப்போது ஈரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதையும் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். எல்லாவற்றையும்விட முக்கியம், சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் சிப்ரோஃபிளாக்சசின். டிசானிடினோடு அதைச் சேர்க்கவே கூடாது. டிசானிடின் ரத்தத்தில் பல மடங்கு கூடி, அழுத்தம் தடாலென விழுந்துவிடும்.

டயாசிபாம் பழைய மருந்து. இரவு இழுப்புக்கு உதவும், ஆனால் அசத்தும், பழக்கமாகிவிடும். டான்ட்ரோலின் தசைக்குள்ளேயே வேலை செய்வது. ஈரலைக் கெடுக்கலாம் என்பதால் குறைவாகவே எழுதுகிறார்கள்.

கையில் மட்டும், அல்லது ஒரு கணுக்காலில் மட்டும்தான் விறைப்பு என்றால் முழு உடம்பையும் அசத்தும் மாத்திரை எதற்கு? நியாயமான கேள்வி. அந்தத் தசையிலேயே போட்டுலினம் நச்சு ஊசி (நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தற்காலிகமாகத் தடுப்பது) போடலாம். சில நாட்களில் தளர்வு தெரியும், சுமார் மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். விலை கூடுதல்தான். அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யாவிட்டால் செலவழித்த பணம் வீண்.

உடம்பு முழுவதும் கடும் விறைப்பு, மாத்திரையும் தாங்கவில்லை என்பவர்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு சிறு பம்பு வைத்து, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரடியாக பேக்லோஃபென் செலுத்தும் முறை 1984 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நேரே உரிய இடத்துக்கே போவதால் மாத்திரை அளவில் மிகச் சிறிய பங்கே போதும், தூக்கக் கலக்கமும் குறைவு. பெரிய மருத்துவமனைகளில்தான் வைப்பார்கள். மருந்து தீரும் முன் குறித்த தேதியில் போய் நிரப்பிக்கொள்ள வேண்டும், தவறினால் மேலே சொன்ன திடீர் நிறுத்தத்தின் ஆபத்து இன்னும் கடுமையாக வரும்.

எத்தனை காலம் போட வேண்டும்? தண்டுவடக் காயத்தில் பல ஆண்டுகள் தேவைப்படலாம். பக்கவாதத்தில் சில மாதம் கழித்துக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது உண்டு. குறைத்த பின்னும் உள்ளங்கை விரிகிறது, சட்டை ஏறுகிறது, தூக்கமும் வருகிறது என்றால் இன்னும் குறைக்கலாம். விறைப்பு திரும்பினால் பழைய அளவுக்கே போய்விடலாம். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, ‘இப்போது குறைத்துப் பார்க்கலாமா டாக்டர்?’ என்று நீங்களே கேளுங்கள். கேட்காவிட்டால் பழைய சீட்டே புதுப்பிக்கப்பட்டு வந்துவிடும்.