அரிவாள் வெட்டில் இரத்தம் நிற்கவில்லையா? அழுத்திய கையை எடுக்காதீர்கள்!

கரும்பு வெட்டும்போது கத்தி நழுவிக் காலில் இறங்குகிறது. தட்டு நறுக்கும் மிஷினில் சோளத்தட்டோடு விரலும் போய்விடுகிறது. புல் வெட்டும் பிரஷ் கட்டரின் பிளேடு கல்லில் பட்டுத் தெறித்துத் தொடையைக் கிழிக்கிறது. இப்படி ஏதாவது நடக்காத ஊர் இல்லை. அப்போது சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் காபித்தூள் எடுக்க வீட்டுக்கு ஓடுவார். இன்னொருவர் பைக் சாவியைத் தேடுவார். நான்கு பேர் போனில் பேசுவார்கள். காயத்தின் மேல் கை வைத்து அழுத்த மட்டும் ஆள் இருக்காது.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரத்தம் சுமார் 5 லிட்டர்தான். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் வேகமாக வெளியேறினாலே உயிருக்கு ஆபத்து. தொடையில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால் அதற்குச் சில நிமிடங்களே போதும். 108 வண்டி எவ்வளவு வேகமாகப் புறப்பட்டாலும், மெயின் ரோட்டிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு வந்து சேர அதைவிட நேரமாகும். அந்த இடைவெளியில் அவரைக் காப்பாற்றுவது பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான்.

இரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டாலோ, தரையில் தேங்கினாலோ, வைத்த துணி உடனே நனைந்து சொட்டினாலோ அது சாதாரணக் காயம் அல்ல. நடவு வயலில் தண்ணீரும் சேறும் இரத்தத்தை மறைத்துவிடும். வரப்புக்குத் தூக்கி வந்து பாருங்கள். லுங்கி, பேன்ட், சேலைக்குள் காயம் இருந்தால் கூச்சப்படாமல் துணியைக் கிழித்து, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

முதலில் மிஷின், பிறகு காயம்

மிஷினில் அடிபட்டிருந்தால் ஓடிப்போய் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மோட்டாரை நிறுத்துங்கள், மெயின் சுவிட்சையும் அணையுங்கள். டிராக்டர் என்றால் இன்ஜினை அணையுங்கள். காப்பாற்றப் போனவரின் கையும் மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கு வண்டி தேடவேண்டி வரும்.

பிறகு அவரைப் படுக்க வையுங்கள். தோளில் கிடக்கும் துண்டை மடித்து, இரத்தம் வரும் இடத்தின் மேலேயே வைத்து, கையை நேராக நீட்டி உங்கள் உடல் எடையையும் கொடுத்து அழுத்துங்கள். உங்கள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் உங்களுக்கும் பாதுகாப்பு. துண்டு அழுக்காக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உள்ளே போகும் கிருமிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பார்கள். அதற்கு அவர் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். "நின்னுடுச்சா பார்ப்போம்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கினால், உறைய ஆரம்பித்த இரத்தம் பிய்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாகும். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், காயத்தைப் பார்க்காதீர்கள். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து, சரியான இடத்தில்தான் அழுத்துகிறோமா என்று பார்த்து, இன்னும் பலமாக அழுத்துங்கள். கை வலித்தால் ஆளை மாற்றுங்கள். புதியவர் கை வைத்த பிறகு பழையவர் எடுக்க வேண்டும்.

இடுப்பு மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் காயம் ஆழமாக இருந்தால் மேலோட்டமாக அழுத்திப் பயனில்லை. துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து நிரப்பி, அதன் மேல் அழுத்த வேண்டும். அவர் வலியில் கத்துவார், விட்டுவிடாதீர்கள். மாடு வயிற்றில் முட்டிக் குடல் வெளியே வந்திருந்தால் மட்டும் எதையும் உள்ளே தள்ளவோ திணிக்கவோ கூடாது. ஈரத் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். கழுத்தில் காயம் என்றால் அந்த இடத்தை மட்டும் அழுத்துங்கள், சுற்றிக் கட்டாதீர்கள். கம்பி, ஆப்பு, கொம்புத் துண்டு ஏதாவது குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அதுதான் உள்ளே அடைப்பாக நிற்கிறது. அதை அசையவிடாமல் சுற்றிலும் துணி வைத்து அழுத்துங்கள்.

மஞ்சள், காபித்தூள், சாம்பல், மண், சாணம் எதுவும் வேண்டாம். சின்னக் கீறலுக்குப் பாட்டி மஞ்சள் வைத்து நின்றது உண்மைதான். வைக்காமல் இருந்தாலும் அது நின்றிருக்கும். பீறிடும் இரத்தத்தை எந்தத் தூளும் நிறுத்தாது. அதைச் சுரண்டிக் கழுவிய பிறகே டாக்டர் தையல் போட முடியும்.

எப்போது இறுக்கிக் கட்டலாம்?

கை அல்லது காலில் காயம். முழுப் பலத்தோடு அழுத்தியும் நிற்கவில்லை. அல்லது கையே துண்டாகிவிட்டது. அப்போது மட்டும் காயத்துக்கு மேலே, அதாவது உடம்பை நோக்கிய பக்கத்தில், நான்கு விரற்கடை தள்ளி இறுக்கிக் கட்டலாம். முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் கட்டக் கூடாது. மூட்டு குறுக்கே வந்தால் அதற்கு மேலே போய்விடுங்கள். கட்டுவதற்குக் குறைந்தது மூன்று விரல் அகலமுள்ள துணி வேண்டும். கயிறு, ஒயர், சணல் சதையை அறுத்துவிடும். ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சியை வைத்து மறுமுடிச்சுப் போடுங்கள். இரத்தம் நிற்கும்வரை குச்சியை முறுக்கி, அது திரும்பிவிடாமல் கட்டிவிடுங்கள். பாதி இறுக்கினால் இரத்தப்போக்கு அதிகமாகிவிடும் என்பதால் அரைகுறையாக விடக் கூடாது.

கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். 2 மணி நேரத்துக்கு மேல் போனால் தசை பாதிக்கப்படும். டாக்டருக்கு அந்தக் கணக்கு தேவை. இடையில் நீங்களே தளர்த்தி விடாதீர்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்வோம். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அது தவறு, கட்டவே கூடாது. இறுக்கிக் கட்டுவதற்கு இடமுண்டு என்றால் அது நிற்காத இரத்தப்போக்குக்கு மட்டும்தான்.

வண்டி வரும்வரை

ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஊர், ஒன்றியம், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பால் சொசைட்டி என்று அடையாளம் சொல்லுங்கள். ஒரு பையனை ரோட்டில் நிறுத்தி வையுங்கள். வண்டி வர முடியாத இடம் என்றால் கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்து ரோட்டுக்குத் தூக்கிச் செல்லலாம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நல்லதல்ல. மயங்கிச் சரிவார், காயத்தை அழுத்தவும் முடியாது. 108 வரத் தாமதமானால் குட்டியானையோ காரோ பிடித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். வழி முழுக்க ஒருவர் அழுத்திக்கொண்டே வர வேண்டும்.

முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டு, சம்பந்தமில்லாமல் பேசினால் இரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். போர்வையோ சாக்கோ போர்த்திச் சூடாக வைத்திருங்கள். தண்ணீர், தண்ணீர் என்று கேட்பார். மறுப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கலாம். மயங்கினால் இப்போதே புரை ஏறலாம். உதட்டை நனைத்துவிடுங்கள், அது போதும். சோடா, காபி வேண்டாம். இதய நோய்க்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள், ஆனால் அதற்காக ஆளைக் காத்திருக்க வைக்காதீர்கள். விரலைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, பட்டால் சதை செத்துவிடும். 6 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் ஒட்டவைக்கும் வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எது என்று 108 ஊழியரிடமே கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இரத்தம் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கிறது. நாம் உழும் நிலத்திலும் தொழுவத்திலும் அது எப்போதும் உண்டு. காயத்தைக் காட்டி டி.டி. ஊசி பற்றிக் கேளுங்கள். விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். மேல்தோலை மட்டும் தைத்தால் அது சரியாகாது.

பழைய பருத்தி வேட்டி ஒன்றைத் துவைத்து வெயிலில் காயவைத்து, நான்கு விரல் அகலப் பட்டையாக இரண்டும் பெரிய துண்டுகளாக நான்கும் கிழித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு ஒரு சாண் குச்சி, இரண்டு பிளாஸ்டிக் கவர், ஒரு மார்க்கர் பேனா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மோட்டார் ரூம் ஆணியில் மாட்டுங்கள். டிராக்டர் டூல் பாக்ஸில் இன்னொன்று இருக்கட்டும். வேலைக்கு வருகிறவர்களிடமும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். அடிபடுவது நீங்களாகவும் இருக்கலாம்.