போர் பேசும் பணத்தாள்கள்

'பணம் பாதாளம் வரை பாயும்' என்பது பழமொழி. பாதாளம் வரை பாயும் அந்தப் பணம் போர்க்களத்திற்குள்ளும் பாயும் என்பதை வரலாறு படிப்போர் நன்கு அறிவர். படை நடத்தப் பணம் வேண்டும். வென்ற நாட்டை ஆளப் பணம் வேண்டும். வென்றதைப் பறைசாற்றவும் சில அரசுகளுக்குப் பணத்தாள் வேண்டியிருக்கிறது. அஞ்சல்தலை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம் கல்லூரியில் பலர் உண்டு. ஆனால் போர்க்காலப் பணத்தாள்களைத் தேடிச் சேர்ப்போர் மிகச் சிலரே. அச்சிலரில் நானும் ஒருவன். நான் சேர்த்தவற்றை முன்வைத்து இக்கலையை நண்பர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரோடு தொடர்புடைய பணத்தாள்களை மூவகையாகப் பிரிக்கலாம். போரின் நெருக்கடியால் ஓர் அரசு தன் மக்களுக்கு வெளியிட்டவை முதல் வகை. பிற நாட்டைப் பிடித்த படை அங்கே புழங்கவிட்டவை இரண்டாம் வகை. போர் முடிந்த பின்னரோ, நடந்துகொண்டிருக்கும்போதோ அதன் நினைவாக வெளியிடப்பட்டவை மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

நெருக்கடியில் பிறந்தவை

நம் நாட்டின் ஒரு ரூபாய்த் தாளே போரின் குழந்தைதான் என்றால் பலர் வியப்படைவர். முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வெள்ளி ரூபாய்க்கு மாற்றாக, 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒரு ரூபாய்த் தாள் வெளியாயிற்று. அதன்மீது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் உருவத்தையே அச்சிட்டிருந்தனர். 'இது தாளன்று, வெள்ளிதான்' என்று மக்களை நம்பவைக்கும் முயற்சி அது எனலாம். அடுத்த ஆண்டே இரண்டு ரூபாய் எட்டணாத் தாளும் வந்தது. 1926இல் ஒரு ரூபாய்த் தாள் நிறுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பழைய கதை திரும்பியது. மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினர். 1940இல் ஒரு ரூபாய்த் தாள் மீண்டும் வந்தது; அதே ஆண்டில் ரூபாய் நாணயத்தில் வெள்ளியின் அளவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1943இல் இரண்டு ரூபாய்த் தாள் வந்தது. போர்க்காலக் கள்ளச் சந்தையில் சேர்ந்த பணத்தை வெளிக்கொணர 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 2016இல் நம் வீடுகளில் நடந்ததற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது.

வாழைமர நோட்டு

இரண்டாம் வகை நம் பகுதியோடு மிக நெருங்கிய உறவு கொண்டது. மதுரை, மேலூர், சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் சென்றோர் எண்ணற்றோர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் தாமே அச்சிட்ட டாலர்களைப் புழக்கத்தில் விட்டனர். அவற்றுள் பத்து டாலர்த் தாளில் குலை தள்ளிய வாழைமரம் இருந்தது. அதனால் நம்மவர் அதனை 'வாழைமர நோட்டு' என்றே அழைத்தனர்.

இத்தாள்களின் எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். 'எம்' என்று தொடங்கினால் மலாயாவுக்கு உரியது. 'பி' என்றால் பர்மாவுக்கு உரியது. தொடக்கத்தில் வந்தவற்றில் வரிசை எண் உண்டு; பின்னர் வந்தவற்றில் எழுத்து மட்டுமே. எண்ணே இல்லாமல் அச்சிட்டால் எவ்வளவு அச்சிட்டனர் என்பதற்குக் கணக்கு ஏது? விலைவாசி விண்ணை முட்டியது. இறுதியில் ஆயிரம் டாலர்த் தாளே வந்துவிட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷ் நிர்வாகம் இத்தாள்களுக்கு மதிப்பில்லை என அறிவித்தது. ஒரே நாளில் பணம் காகிதமாயிற்று.

மேலூர் அருகே ஒரு சிற்றூரில் நண்பரின் அப்பத்தாவைக் காணச் சென்றிருந்தேன். அவருடைய தந்தையார் தோட்ட வேலை செய்து, சயாம் மரண ரயில் பாதைப் பணியிலிருந்தும் உயிர் தப்பி, 1946இல் ஊர் திரும்பியவர். தகரப்பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வந்தார் அப்பத்தா. அத்தனையும் வாழைமர நோட்டு. "ஏப்பா, படிச்ச புள்ளதானே நீ? இத இப்பக் குடுத்தா சர்க்காரு ஏதாச்சும் தருமா?" என்று கேட்டார். தராது என்றேன். "அப்ப வாங்கி வச்சுக்கிறவுகளாச்சும் தருவாகளா?" என்றார். கோடிக்கணக்கில் அச்சான தாள் இது. சேர்ப்போரிடமும் சொற்ப விலைதான் என்பதை மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கய்யா வேர்வை அம்புட்டும் இதுலதான்ப்பா கெடக்கு" என்று கூறி மறுபடியும் துணியில் சுற்றினார். ஒன்றைக் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. கெடாமல் வைக்க நல்ல உறைகளை மட்டும் பின்னர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்நிய ஆட்சி ஓர் உழைப்பாளியின் ஆண்டுகளை எவ்வாறு விழுங்கும் என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி 1944 ஏப்ரலில் இரங்கூனில் தொடங்கப்பட்டது. அதன் பெயரால் இன்று விற்கப்படும் தாள்களில் போலிகள் மிகுதி. ஆகவே உணர்ச்சிவயப்பட்டுக் கைப்பொருளை இழந்துவிடலாகாது.

நினைவுத் தாள்கள்

மூன்றாம் வகைக்கு வருவோம். இந்தியாவின் முதல் நினைவுப் பணத்தாள் வரிசை 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டிற்காக வந்தது. சேவாகிராமக் குடிலின் முன் அடிகள் அமர்ந்திருக்கும் காட்சி அதில் உண்டு. போர் வேண்டாம் என்றவரை நாம் முதலில் நினைவுகூர்ந்தோம் என்பது பெருமைக்குரியதன்றோ?

நம் அண்டை நாடான இலங்கை வேறு வழி சென்றது. உள்நாட்டுப் போர் 2009 மே 18இல் முடிந்தது. மே 20 எனத் தேதியிட்ட ஆயிரம் ரூபாய் நினைவுத் தாள் அவ்வாண்டு நவம்பரில் வெளியாயிற்று. முன்புறம் அன்றைய குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச. பின்புறம் கொடியேற்றும் படைவீரர்கள். வன்னியின் மக்கள் அத்தாளில் எங்கும் இல்லை. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. தமிழ் எழுத்து மட்டும் அத்தாளில் உண்டு.

இதனை என் தொகுப்பில் கண்ட நண்பர் ஒருவர், "இதைக் கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருக்கிறாய்?" என்று வெகுண்டார். நம் மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்த தோழரிடம் இதைக் காட்டி அவர் கருத்தைக் கேட்டேன். நெடுநேரம் பார்த்தார். கிழிக்க வேண்டாம் என்றார்; ஆனால் தனியே வைக்கவும் வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே, அதே பக்கத்தில் ஐ.நா. குழு கூறிய செய்தியை ஒரு தாளில் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

உக்ரைன் நாடு 2023 பிப்ரவரியில், போர் தொடங்கி ஓராண்டானதை ஒட்டி, 20 ஹிரிவ்னியா நினைவுத் தாளை வெளியிட்டது. அதிலும் கொடியேற்றும் வீரர்கள்தாம். ஆனால் மறுபுறத்தில் கட்டப்பட்ட இரு கைகள். கொடியின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே ஒரு நினைவுத் தாளை எடைபோட வேண்டும் என்பது என் துணிபு.

சேர்ப்போர் கவனத்திற்கு

மதுரை வெயிலும் பூச்சியும் காகிதத்திற்குப் பகை. மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் தாளில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறையே நன்று. கிழிசலுக்கு ஒட்டுநாடா ஒட்டலாகாது. லேமினேஷன் அறவே கூடாது. மடிப்பை நீக்க இஸ்திரி போடுவதும் தவறு. கையெழுத்து, எண், முன்னெழுத்து, கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகியவற்றை அன்றே குறித்து வைக்க வேண்டும். செய்தி இல்லாத தாள் ஊமைத் தாள்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்களே! உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் வாழைமர நோட்டோ பர்மா ரூபாயோ உறங்கிக்கொண்டிருக்கலாம். அதன் விலையைக் கேட்பதற்கு முன், அதைக் கொண்டுவந்தவரின் கதையைக் கேளுங்கள். தாள் இன்னும் பல ஆண்டு இருக்கும். கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.