தம்பானூரில் ரொட்டி வாங்கும் முன்

தம்பானூர் நமக்குப் பழகிய இடம். ஒரு பக்கம் திருவனந்தபுரம் ரயில் நிலையம். எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை போகும் பஸ்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. எந்நேரமும் கூட்டம். எந்நேரமும் அவசரம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் இறங்கியதும் ஒரு பேக்கரியில் நிற்பார்கள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருப்பார்கள். அவர்களுக்கு ஒரு ரொட்டி, ஒரு பாக்கெட் ரஸ்க். ஊருக்குத் திரும்புகிறவர்களும் நிற்பார்கள். வீட்டில் பிள்ளைகள் பையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். அவர்களுக்கு நாலு பன்.

பணத்தை நீட்டுகிறோம். பொட்டலத்தை வாங்குகிறோம். கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஓடுகிறோம். கையில் இருப்பது நல்ல ரொட்டியா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

எங்கள் கற்றல் மையத்துக்கு ஓர் அக்கா வருவார். அவருடைய அம்மாவுக்குப் புற்றுநோய். ஆர்.சி.சி.யில் மருந்து ஏற்றினார்கள். அக்கா வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். உறையைப் பிரித்தபோது நர்ஸ் பார்த்துவிட்டார். அடித் துண்டில் மிளகு அளவுக்குப் பச்சைப் புள்ளி. பூஞ்சை. "இதைக் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

புற்றுநோய் மருந்து ஏற்றும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும். நமக்கு வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகும் பூஞ்சை, அப்படிப்பட்ட நோயாளியை மிகவும் வாட்டிவிடும்.

மறுநாள் வகுப்பில் அக்கா கேட்டார். "எனக்கு இப்போ தமிழ் வாசிக்கத் தெரியும். மலையாளம் போர்டும் எழுத்துக் கூட்டுவேன். ஆனா அந்த உறையிலே தமிழும் இல்லை, மலையாளமும் இல்லையே தம்பி. நான் எதை வாசிக்க?"

நியாயமான கேள்வி. உறையில் உள்ள விவரங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட வேண்டும் என்பதே சட்டம். மற்ற மொழிகளை விரும்பினால் சேர்க்கலாம். பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. இது சரியல்ல என்பது என் எண்ணம். நோயாளிக்கு ரொட்டி வாங்குகிறவர் ஆங்கிலம் படித்திருக்க வேண்டுமா என்ன?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1, 2, 3 என்ற எண்கள் தமிழ்ப் புத்தகத்திலும் அதுதான். மலையாளப் பத்திரிகையிலும் அதுதான். ரொட்டி உறையிலும் அதுதான். எண் தெரிந்தவருக்கு உறையின் பாதி தெரியும்.

முதல் எண்: தேதி

உறையில் மூன்று எண்கள் சாய்ந்த கோடு போட்டு நிற்கும். உதாரணம்: 27/06/25. முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு. 2025 ஜூன் 27 என்று வாசிக்க வேண்டும். இது பொட்டலம் கட்டிய நாள்.

எந்த நாள்வரை நன்றாக இருக்கும் என்பதும் இருக்கும். சில உறையில் அதையும் தேதியாகவே போடுவார்கள். அது எளிது. சில உறையில் "கட்டிய நாளிலிருந்து 5 நாள்" என்று மட்டும் இருக்கும். அங்கே 5 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நாமே கூட்ட வேண்டும். 27 உடன் 5 சேர்ந்தால் 32. ஜூன் மாதத்துக்கு 30 நாள்தான். ஆகவே ஜூலை 2. மாதக் கடைசியில்தான் நாம் ஏமாறுவோம். கை முட்டியில் மாதம் எண்ணத் தெரிந்தவர்கள் ஏமாற மாட்டார்கள்.

தேதி அழிந்திருந்தால் வாங்க வேண்டாம். பழைய சீட்டின் மேல் புதிய சீட்டு ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

இரண்டாம் எண்: விலை

எம், ஆர், பி என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். எம் என்பது இரண்டு மலை ஒட்டி நிற்பது போன்ற எழுத்து. அதைக் கண்டுபிடித்தால் போதும். பக்கத்தில் இருப்பது அதிகபட்ச விலை. எல்லா வரியும் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பஸ் நிலையம், ரயில் நிலையம் என்று எந்த இடமானாலும் அதே விலைதான். "இங்கே வாடகை அதிகம்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். வாடகை அவர் பாடு.

மூன்றாம் எண்: எடை

முன்பு ரொட்டியை 100, 200, 400 கிராம் என்று முழு நூறுகளில்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. இப்போது அந்த விதி இல்லை. பார்வைக்கு ஒன்று போல் இருக்கும் இரண்டு பொட்டலத்தில் எடை வேறாக இருக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 400 கிராம் ரொட்டி 45 ரூபாய். 300 கிராம் ரொட்டி 40 ரூபாய். இரண்டாவது ஐந்து ரூபாய் குறைவு. ஆனால் 100 கிராமுக்கு எவ்வளவு? முதல் ரொட்டியில் 11 ரூபாய் 25 காசு. இரண்டாவதில் 13 ரூபாய்க்கு மேல். எது லாபம்? இப்போது சில உறைகளில் ஒரு கிராம் என்ன விலை என்றே அச்சிட்டிருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

இன்னொரு நீளமான எண்ணும் உண்டு. மொத்தம் 14 இலக்கம். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் அது. அதை வாசிக்க வேண்டியதில்லை. இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரொட்டி எப்படி உப்புகிறது?

மைதா, தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஈஸ்ட். இவ்வளவுதான் ரொட்டி. ஈஸ்ட் ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். அது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயு மாவுக்குள் மாட்டிக்கொள்கிறது. மாவு உப்புகிறது. போர்மாவில் 200 டிகிரிக்கு மேல் சூட்டில் வேகும்போது அந்த ஓட்டைகள் அப்படியே நின்றுவிடுகின்றன.

இது நமக்குப் புதிதல்ல. ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்க வைத்தவர்கள்தானே நம் பாட்டிமார்? கள்ளிலும் ஈஸ்ட் உண்டு. தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் 1880-இல் பேக்கரி தொடங்கினார். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்று வந்தவர் அவர். அப்போது இங்கே ஈஸ்ட் கிடைக்கவில்லை, அவர் கள்ளை வைத்தே மாவைப் புளிக்க வைத்தார் என்று சொல்வார்கள். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி கேட்டுக்கொண்டதால் கிறிஸ்துமஸ் கேக்கும் செய்து கொடுத்தார்.

அதற்கு வெகுகாலம் முன்பே போர்ச்சுக்கீசியர் ரொட்டியை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்கிறார்கள். அது போர்ச்சுக்கீசியச் சொல்.

சூடாக இருந்தால் புதியதா?

இதில்தான் பலரும் தவறுகிறோம். சூடு வேறு, புதுமை வேறு. கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு எரிகிறதே, அதில் வைத்த நேற்றைய பப்ஸும் சூடாகத்தான் இருக்கும்.

ரொட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டினால் என்ன ஆகும்? உள்ளே ஆவி தண்ணீராகும். உறையின் உட்பக்கம் வியர்வை போல் துளித் துளியாக நிற்கும். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆகவே உள்ளே தண்ணீர் கோத்த உறையை எடுக்காதீர்கள். போர்மாவிலிருந்து இறக்கிய சூட்டோடு வாங்கினால் காகிதப் பையில் கேளுங்கள். பிளாஸ்டிக் உறைதான் என்றால், ஆறும்வரை வாயைத் திறந்து வையுங்கள்.

காகிதம் என்றால் பழைய செய்தித்தாள் அல்ல. அச்சு மையில் ஈயம் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டு. உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2016-இலும் 2023-இலும் எச்சரித்தது.

பூஞ்சை பிடித்த துண்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் தின்னலாமா? கூடாது. நாம் பார்க்கும் பச்சைப் புள்ளி செடியின் பூவைப் போன்றது. அதன் வேர் நூல் நூலாக உள்ளே ஓடியிருக்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. வெளியே புள்ளி எதுவும் இருக்காது. பிய்த்தால் உள்ளே பிசுபிசு என்று நூல் இழுக்கும். அழுகிய பழ வாசனை வரும். அது பாக்டீரியாவின் வேலை. அதையும் எறிந்துவிட வேண்டும்.

உறையில்லாத பன் வாங்கும்போது தேதி இருக்காது. கேட்கத்தான் வேண்டும். கேளுங்கள், வெட்கம் வேண்டாம். "சேட்டா, இது இன்னத்தேதானா?" பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். மலையாளத்தில் "இன்னத்தே" என்றால் இன்றையது. "இன்னலத்தே" என்றால் நேற்றையது. நடுவில் ஒரே ஒரு ல. பஸ் சத்தத்தில் அந்த ல காணாமல் போய்விடும். சந்தேகமாக இருந்தால் "எப்போ வந்தது, காலையிலா?" என்று மறுபடி கேளுங்கள்.

இறைச்சி, முட்டை, கிரீம் வைத்த பண்டங்களைப் பைக்குள் வைத்து மத்தியானம்வரை கொண்டுபோக வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. அதைவிட நேரமாகும் என்றால் வெறும் ரொட்டியும் ரஸ்க்கும் போதும். ரஸ்க் என்பது இரண்டாம் முறை சுட்டு ஈரத்தைப் போக்கிய ரொட்டிதான். அதனால்தான் அது நாள்பட நிற்கிறது.

சேர்த்திருக்கும் பொருள்கள்

உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் முதல் சொல்லை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். பழுப்பு நிற ரொட்டி எல்லாம் கோதுமை ரொட்டி அல்ல. முதல் சொல் மைதா என்றும், பின்னால் 150 என்ற எண்ணும் இருந்தால், அந்தப் பழுப்பு நிறம் சர்க்கரையைக் கருக்கிச் செய்த சாயத்தால் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 282 என்ற எண் பூஞ்சையைத் தடுக்கும் பொருள். அதை அளவோடு சேர்க்க அனுமதி உண்டு.

924 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. அது பொட்டாசியம் புரோமேட். மாவை நன்றாக உப்ப வைக்கும் பொருள். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக அறிஞர்கள் சந்தேகப்பட்ட பொருளும் அதுதான். 2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அந்த நகரத்துக் கடைகளில் 38 ரொட்டி, பன் வகைகளை வாங்கிச் சோதித்தது. நூற்றுக்கு 84 பங்கில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. நாடெங்கும் பேச்சாயிற்று. அடுத்த மாதமே மத்திய அரசு புரோமேட்டைத் தடை செய்தது. வாங்குகிறவர்கள் கேட்டால் சட்டம் இவ்வளவு சீக்கிரம் நகரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கெட்டது கிடைத்தால்?

பில் கேளுங்கள். அவசரத்தில் பில்லை வாங்காமல் ஓடுவதுதான் நம் பழக்கம். பில் இருந்தால் மறுநாள் போய்க் கேட்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் நாளை நாம் வர வேண்டுமே. உறையையும் எறியாதீர்கள். தேதியும் உரிம எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

கடைக்காரர் கேட்கவில்லை என்றால், அல்லது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நுகர்வோருக்காக மத்திய அரசு நடத்தும் உதவி எண் இது. இதற்குக் கட்டணம் கிடையாது. கடையின் பெயர், தேதி, கொடுத்த பணம், நடந்தது என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். 17 மொழிகளில் பேச வசதி உண்டு. மலையாளமும் உண்டு, தமிழும் உண்டு. தமிழ் வேண்டும் என்று கேளுங்கள்.