உதடு கிழியாத சீல்

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயரிலிருந்து வந்த ஊர்ப் பெயர். அந்த மரம் மிகவும் உறுதியானது. ஆனால் அவ்வட்டாரத்துத் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கையாளப்படும் ஒரு பொருள் இதற்கு நேர்மாறானது. கூரான விளிம்பில் உரசினாலே கிழிந்துவிடும் ரப்பர் வளையம் அது. ஆட்டோ கியர் பெட்டியின் பிஸ்டன் சீலைத்தான் சொல்கிறோம்.

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டு தொடங்கியது. காருக்குரிய சான்றிதழ் 10 ஆண்டுகள் செல்லும். அதைப் புதுப்பித்துக்கொண்டு பழைய வண்டியையே ஓட்டுவோரும் உண்டு. அத்தகைய வண்டிகளில் கியர் பெட்டியைப் பிரித்துப் பழுதுபார்க்கும் தேவை எழுகிறது. செலவு பெரிது; அதில் சீலின் விலை மிகச் சிறிது. ஆயினும் அந்தச் சீல் கிழிந்தால் பெட்டியை மீண்டும் இறக்க வேண்டியதுதான்.

ஏன் அப்படி? ஆட்டோ கியர் பெட்டியில் கிளட்ச்சைக் கால் அழுத்துவதில்லை, எண்ணெய் அழுத்துகிறது. உருளை போன்ற டிரம்முக்குள் பிஸ்டன் அமர்ந்திருக்கிறது. எண்ணெய் அதைத் தள்ள, அது கிளட்ச் தட்டுகளை நெருக்குகிறது; கியர் விழுகிறது. எண்ணெய் கசியாமல் காப்பது சீல். அது கிழிந்தால் அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும், சூடேறிக் கருகும். புதிய தட்டுகளும் வீணாகும்.

சீலின் மெல்லிய ஓரத்தை உதடு என்கிறோம். எண்ணெயின் அழுத்தம் வரும் பக்கத்தை, அதாவது டிரம்மின் அடிப்பக்கத்தை, அது நோக்கியிருக்க வேண்டும். அதனால் பிஸ்டனை இறக்கும்போது உதடே முதலில் டிரம்மின் வாயைத் தொடுகிறது. சிக்கல் இங்கேதான். அழுத்தித் தள்ளினால் உதடு பின்பக்கமாக மடங்கும், அல்லது கிழியும்.

எனவே முதலில் டிரம்மின் உள்விளிம்பையும், பூட்டு வளையம் அமரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்ப்போம். பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தூள் தங்காமல் கழுவிவிடுவோம். அடுத்து, சீல் முறுக்கின்றி அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கியர் எண்ணெயையோ வாசலினையோ தாராளமாகப் பூசுவோம். சக்கரத்துக்குப் போடும் கிரீஸ் கூடாது. அது எண்ணெயில் எளிதில் கரையாமல் வடிகட்டியை அடைக்கக்கூடும்.

பிறகு பிஸ்டனைச் சாய்க்காமல் வைத்து, முனை மழுக்கிய மெல்லிய ஃபீலர் தகட்டாலோ வளைத்த எஃகுக் கம்பியாலோ உதட்டைச் சுற்றிலும் உள்ளே தள்ளிவிட வேண்டும். ஸ்குரூடிரைவர் வேண்டாம். உதடு முழுவதும் உள்ளே போனபின், இரு கைகளாலும் மெல்லச் சுழற்றியபடி அழுத்தினால் பிஸ்டன் தானே இறங்கும். இறங்க மறுத்தால் சுத்தியலைத் தேடாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். பல புதிய பெட்டிகளில் சீல் பிஸ்டனோடு ஒட்டியே வருகிறது. அதில் உதடு கெட்டால் பிஸ்டனையே மாற்ற வேண்டும்.

பூட்டி முடித்ததும் எண்ணெய்த் துளை வழியாகக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோதிக்கலாம். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். 'டக்' என்ற தெளிவான ஒலியுடன் பிஸ்டன் நகர்ந்தால் நல்லது. 'உஸ்' என்று தொடர்ந்து பலமாகச் சீறினால் சீல் போயிற்று என்று சந்தேகிக்க வேண்டும்.

சிறு வளையம்தானே என்று எண்ணலாகாது. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்வெளி ஓடம் அழிந்து ஏழு பேர் மாண்டதற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன ஒரு ரப்பர் வளையம் ராக்கெட்டின் இணைப்பைச் சரியாக அடைக்காததே. கியர் பெட்டியில் உயிர்ச்சேதம் இல்லாமலிருக்கலாம். ஆனால் வாடகைக் கார் ஓட்டுபவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு.

மூடிய டிரம்முக்குள் கிழிந்த உதட்டை வாடிக்கையாளர் காணமாட்டார். இறக்கும்போது ஏதோ தட்டியதை உணர்ந்தது தொழிலாளியின் விரல் மட்டுமே. அந்த விரல் சொல்வதைக் கேட்டு, பத்து நிமிடம் போனாலும் போகட்டும் என்று மறுபடி கழற்றிப் பார்ப்பதே இத்தொழிலின் நாணயம்.